ஒரு டம்ளர் சர்க்கரைப் பாகும் இரண்டு போலராய்டு தாளும்

சர்க்கரைக் கரைசல் ஒளியை வளைக்கும் என்று சொல்வார்கள். வளைக்காது. தண்ணீரில் போட்ட கரண்டி ஒடிந்ததுபோல் தெரிகிறதே, அங்கேதான் ஒளி வளைகிறது. அதற்கு ஒளிவிலகல் என்று பெயர். சர்க்கரைப் பாகுக்குள் நேராக நுழையும் ஒளி நேராகவேதான் வெளியே வருகிறது. அது எந்தத் திசையில் அதிர்கிறதோ, அந்தத் திசைதான் உள்ளே போகப்போக மெல்லத் திரும்புகிறது. முறுக்கிவிட்ட ரிப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் நேராகத்தான் தொங்குகிறது, அதன் முகம் மட்டும் திரும்பிக்கொண்டே வருகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம், எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அளக்கவும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். நான் முதல்முறை செய்தபோது ஏமாந்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், தளவிளைவு என்றால் என்ன

துணிக்கொடியின் ஒரு முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் அலை ஓடும். பக்கவாட்டில் ஆட்டினாலும் ஓடும். சாதாரண விளக்கொளியில் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்து கிடக்கின்றன. ஒரே திசை அதிர்வை மட்டும் விட்டு மற்றதை வடிகட்டினால் கிடைப்பதுதான் தளவிளைவுற்ற ஒளி. வடிகட்டும் வேலையை போலராய்டு தாள் செய்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தாள்களை வைத்து மேலே உள்ளதைச் சுழற்றினால், ஒரு நிலையில் வெளிச்சம் முழுதாக வரும்; அங்கிருந்து 90 டிகிரி திருப்பினால் இருண்டுவிடும். இந்த இருட்டு நிலைதான் நம்முடைய கருவி. எல்லா அளவும் இதை வைத்துத்தான்.

தாள் வாங்குவதற்கு முன்பே ருசி பார்க்க வேண்டுமானால் மடிக்கணினியின் எல்சிடி திரை இருக்கிறது. அதிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றதுதான். போலரைஸ்டு கூலிங் கிளாஸை அதன்முன் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு கட்டத்தில் திரை கறுத்துப்போகும். கறுக்கவில்லையா, உங்கள் கண்ணாடி போலரைஸ்டு இல்லை. கடைக்காரர் சொன்னதை நம்பியிருக்கிறீர்கள்.

தியேட்டரில் கொடுக்கும் 3டி கண்ணாடியும் பெரும்பாலும் உதவும். ஆனால் அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குப் பக்கமாக இருக்கும் முகம் திரையைப் பார்க்கட்டும். இந்த வகைக் கண்ணாடியில் வெளிப்பக்கம் இன்னொரு படலம் ஒட்டியிருக்கும். ஒளி முதலில் அதன் வழியாக வந்தால் கணக்கு குழம்பிவிடும்.

தேவையானவை

போலராய்டு தாள் இரண்டு துண்டு. அறிவியல் சோதனைப் பொருட்கள் விற்கும் இணையக் கடைகளில் கிடைக்கும். நேர்கோட்டுத் தளவிளைவுத் தாளா என்று கேட்டு வாங்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை இரண்டு பக்கமும் உரித்துவிட வேண்டும். நான் ஒரு பக்கத்தை மறந்து அரை மணி நேரம் வீணடித்திருக்கிறேன்.

நேரான, உயரமான, அடிப்பாகம் தட்டையான கண்ணாடி டம்ளர். சமையலறைத் தராசு. அளவுக் குவளை. ஸ்கேல். பாகைமானியைப் பார்த்து வரைந்த ஒரு காகித வட்டம். வெள்ளைச் சர்க்கரை. கற்கண்டு போட்டால் கரைசல் இன்னும் தெளிவாக இருக்கும். பனங்கற்கண்டும் நாட்டுச் சர்க்கரையும் வேண்டாம், நிறம் மறைத்துவிடும். விளக்குக்குக் கைபேசி.

பிளாஸ்டிக் பாத்திரம் எதுவும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அடுக்கும் விதம்

இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் போட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியைப் பாலம்போல் வையுங்கள். கீழே கைபேசி, திரை மேல்நோக்கி, வெளிச்சம் முழு அளவில். பாகு சிந்தினால் கைபேசிமேல் விழக் கூடாது, அதற்குத்தான் இந்தப் பாலம். கண்ணாடியின்மேல் முதல் போலராய்டு தாள். கைபேசித் திரையின் ஒளியும் பெரும்பாலும் தளவிளைவுற்றே வரும், ஆகவே தாளை மெல்லச் சுழற்றி மிகவும் பிரகாசமாகத் தெரியும் நிலையில் ஒட்டிவிடுங்கள். அதன்மேல் டம்ளர். டம்ளருக்கு மேலே, கோண வட்டத்தோடு சேர்த்து இரண்டாவது தாள். கீழ்த்தாள் அசையவே கூடாது. சுழல்வது மேல்தாள் மட்டுமே.

இப்போது டம்ளரில் வெறும் தண்ணீரை ஊற்றி, மேலிருந்து பார்த்தபடி மேல்தாளைச் சுழற்றுங்கள். இருட்டு வரும் இடத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதிர்வுத் திசையைத் திருப்புவதில்லை, அதனால்தான் இது சரியான தொடக்கம். டம்ளரின் ஓரம் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தாலோ, நடுவில் திட்டுத்திட்டாக ஒளி வந்தாலோ, கண்ணாடியில் இறுக்கம் இருக்கிறது என்று பொருள். வேறு டம்ளர் எடுங்கள். கடினப்படுத்திய கண்ணாடிப் பாத்திரங்களில் இந்தத் தொல்லை அதிகம்.

பாகு

180 கிராம் சர்க்கரையை அளவுக் குவளையில் போட்டு, இளஞ்சூடான தண்ணீர் விட்டுக் கலக்கி, மொத்தம் 300 மி.லி. வரும்வரை தண்ணீர் சேருங்கள். 300 மி.லி. தண்ணீரில் 180 கிராம் போடுவது வேறு, மொத்தக் கரைசலும் 300 மி.லி. ஆக இருப்பது வேறு. நமக்கு இரண்டாவதுதான் வேண்டும். அப்போது 100 மி.லி.யில் 60 கிராம் என்று கணக்கு சுத்தமாக இருக்கும்.

சூடாக இருக்கும்போது பார்க்காதீர்கள். உள்ளே நெளிநெளியாகக் கானல்போல் ஓடும், குமிழிகள் வேறு. ஆறவைத்து, கலங்கல் தெளியும்வரை விட்டுவிடுங்கள்.

சரி, இப்போதுதான் வேடிக்கை. கைபேசியில் முழுத்திரை வெள்ளைப் படத்தைப் போடுங்கள். மேல்தாள் பூஜ்ய நிலையில், அதாவது இருட்டில் இருக்கட்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலி டம்ளரில் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இருட்டு கலைந்து வெளிச்சம் தலைகாட்டும். பாகு உயர உயர வெளிச்சம் கூடும், கூடவே லேசாக நிறமும் ஏறும். 10 செ.மீ. உயரம் வந்ததும் நிறுத்தி, மேல்தாளை வலப்புறமாக, கடிகார முள் போகும் திசையில், மெதுவாகத் திருப்புங்கள். முதலில் நீலம். அப்புறம் ஊதா. அதைத் தாண்டியதும் சட்டென்று ஆரஞ்சு. நிறமற்ற சர்க்கரைத் தண்ணீர்தான், சாயம் எதுவும் இல்லை.

ஒவ்வொரு நிறத்தையும் சர்க்கரை ஒவ்வோர் அளவு திருப்புவதால் இது வருகிறது. நம்முடைய கரைசலில் 10 செ.மீ. தாண்டுவதற்குள் சிவப்பு ஏறக்குறைய 35 டிகிரி திரும்பியிருக்கும், பச்சை 50-ஐ நெருங்கியிருக்கும், நீலம் 70-ஐத் தாண்டியிருக்கும். அலைநீளம் குறையக் குறைய சுழற்சி கூடும். மேல்தாள் எந்த நிறத்தின் இருட்டுக் கோணத்துக்கு வருகிறதோ, அந்த நிறம் கழிந்துபோய் மிச்சம் தெரிகிறது. சிவப்பு கழிந்தால் நீலம் தூக்கலாகத் தெரியும். பச்சை கழிந்தால் ஊதா. நீலம் கழிந்தால் ஆரஞ்சு. இந்த ஊதா மிகக் குறுகிய இடம். துளி திருப்பினாலும் நீலமாகவோ சிவப்பாகவோ மாறிவிடும். கண்ணுக்கு எளிதில் பிடிபடும் என்பதால் பழைய கருவிகளில் இந்த ஊதாவையே குறியாக வைத்து அளந்தார்கள்.

நான் ஏமாந்த கதை

முதல்முறை இதைச் செய்தபோது டம்ளருக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வைத்தேன். வானவில்லே இறங்கி வந்ததுபோல் நிறங்கள். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, சர்க்கரையின் மகிமை என்று விளக்கமும் கொடுத்தேன். பாட்டிலைக் கழுவிக் காலியாக வைத்தபோதும் அதே நிறங்கள் அப்படியே இருந்தன.

பிளாஸ்டிக்கை இழுத்து, ஊதி, அச்சில் வார்க்கும்போது அதற்குள் ஒரு திசை இறுக்கம் நிலைத்துவிடுகிறது. அந்தத் திசையில் ஒரு வேகம், குறுக்கே இன்னொரு வேகம் என்று ஒளி பிரிந்து போகும். இதற்கு இரட்டை ஒளிவிலகல் என்று பெயர். இதுவும் போலராய்டுகளுக்கு இடையே நிறம் காட்டும், ஆனால் சர்க்கரை செய்வது இதுவல்ல. செலோடேப், உணவு மூடும் பிளாஸ்டிக் தாள், ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேல் எல்லாமே இந்த வகை.

பிரித்தறிய எளிய வழி உண்டு. இரண்டு தாள்களையும் தொடாமல், நடுவில் இருக்கும் பொருளை மட்டும் தட்டாமாலைபோல் சுற்றுங்கள். நிறமோ வெளிச்சமோ மாறினால் அது இரட்டை ஒளிவிலகல். டம்ளரை எத்தனை சுற்று சுற்றினாலும் ஒன்றுமே மாறவில்லை என்றால் அது உண்மையான ஒளிசுழற்றும் தன்மை. திரவத்துக்குள் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன, ஆகவே டம்ளர் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன?

அப்படியானால் ஒரு கேள்வி வர வேண்டும். மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிடந்தால் ஒன்று வலப்புறமும் இன்னொன்று இடப்புறமும் திருப்பி, மொத்தத்தில் அடிபட்டுப் போகாதா? எனக்கு இது நெடுநாள் புரியவில்லை. சங்கை நினைத்ததும் தெளிந்தது. வலம்புரிச் சங்கை எடுத்துப் புரட்டுங்கள், தலைகீழாக வையுங்கள், படுக்கவையுங்கள். அது வலம்புரியாகவேதான் இருக்கும். கண்ணாடியில் காட்டினால் மட்டுமே இடம்புரியாகத் தெரியும். சர்க்கரை மூலக்கூறும் அப்படித்தான். கரும்பு செய்யும் சுக்ரோஸ், அதாவது நம் வெள்ளைச் சர்க்கரை, அத்தனையும் ஒரே புரியில் வருகிறது. எப்படிக் கிடந்தாலும் புரி மாறுவதில்லை, அதனால் அத்தனையும் சேர்ந்து ஒரே பக்கமாகத் திருப்புகின்றன.

திரும்புவது எப்படி நடக்கிறது என்பதற்கு 1820-களில் பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனல் விளக்கம் கொடுத்தார். கோயில் பிராகாரத்தை இரண்டு பிள்ளைகள் சம வேகத்தில் சுற்றுகிறார்கள், ஒருவன் வலமாக, மற்றவன் இடமாக. கொடிமரத்தருகே சேர்ந்து கிளம்பினால் திரும்பவும் சன்னதிக்குப் பின்னாலும் கொடிமரத்தருகிலும்தான் சந்திப்பார்கள். ஒருவன் சற்றுத் தாமதமாகக் கிளம்பினால் சந்திக்கும் இடம் நகர்ந்துவிடும். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை இப்படி எதிரெதிராகச் சுழலும் இரண்டு ஒளிகளின் கூட்டாகப் பார்க்கலாம். சந்திக்கும் கோடுதான் அதிர்வுத் திசை. சர்க்கரைக்குள் ஒரு சுழல் மற்றதைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகிறது. எவ்வளவு கொஞ்சம்? ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். நம் கரைசலில் மஞ்சள் ஒளிக்கு இரண்டு சுழலின் ஒளிவிலகல் எண்களுக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. 10 செ.மீ. தாண்டுவதற்குள் அந்தத் துளி வித்தியாசம் 40 டிகிரியாகச் சேர்ந்துவிடுகிறது.

அளப்பது

வெள்ளை ஒளியில் முழு இருட்டு வராது, அதனால் அளப்பதற்கு ஒரே நிறம் தேவை. கைபேசியில் முழுத்திரைச் சிவப்புப் படம் போடுங்கள். மஞ்சள் போடலாமே என்று தோன்றும், புத்தகங்களில் எல்லாம் மஞ்சள் ஒளிக்கான எண்தான் இருக்கிறது. ஆனால் கைபேசியின் மஞ்சள் உண்மையான மஞ்சள் இல்லை, சிவப்பும் பச்சையும் கலந்து கண்ணை ஏமாற்றுவது. பாகு வழியாகப் பார்த்தால் இரண்டும் வேறுவேறு கோணத்துக்குத் திரும்பிப்போய், மஞ்சளே பிரிந்துவிடும். அதையும் ஒருமுறை செய்து பாருங்கள், அழகாக இருக்கும்.

சிவப்பில் மறுபடியும் தண்ணீரை வைத்துப் பூஜ்யத்தைச் சரிபாருங்கள். பிறகு பாகை வைத்து இருட்டைத் தேடுங்கள். மிகவும் இருண்ட புள்ளியை நேரடியாகப் பிடிப்பது கடினம், கண்ணுக்கு ஐந்து டிகிரிவரை ஒரே இருட்டாகத்தான் தெரியும். ஆகவே இருட்டுக்கு இடப்புறம் ஒரு மங்கலான நிலை, வலப்புறம் அதே அளவு மங்கலான நிலை, இரண்டையும் குறித்து நடுப்புள்ளியை எடுங்கள். ஐந்து முறை செய்து சராசரி பாருங்கள். எனக்கு 33-இலிருந்து 37 வரை வந்தது, சராசரி 35. இந்தச் சுழற்சியை அளக்கக் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் போலாரிமீட்டர் என்ற கருவியிலும் இதே தந்திரம்தான், அங்கே பார்வைப் புலத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டும் சம வெளிச்சமாகும் இடத்தைத் தேடச் சொல்வார்கள்.

கணக்கு எளிது. ஒரு மி.லி.யில் ஒரு கிராம் பொருள் இருக்கும் கரைசலில் 10 செ.மீ. தூரம் ஒளி போனால் எத்தனை டிகிரி திரும்பும் என்பதை அந்தப் பொருளின் நியமச் சுழற்சி என்கிறார்கள். சுக்ரோஸுக்கு, 20 டிகிரி செல்சியஸில், சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளியில், அது 66.5. சிவப்பு லேசரின் 633 நானோமீட்டரில் சுமார் 57. நம் கரைசலில் மி.லி.க்கு 0.6 கிராம், உயரம் 10 செ.மீ. ஆகவே 57 × 0.6 = 34 டிகிரிக்கு மேல். கைபேசிச் சிவப்பின் அலைநீளம் லேசரைவிடச் சற்றுக் குறைவு, அதனால் ஓரிரு டிகிரி கூட வந்தால் கவலைப்படாதீர்கள். 25 அல்லது 45 வந்தால் தராசையும் ஸ்கேலையும் சந்தேகப்படுங்கள். பாகின் உயரத்தை அளக்கும்போது டம்ளரின் தடித்த அடிக்கண்ணாடியைச் சேர்க்கக் கூடாது.

ஒரு பொறி இருக்கிறது. வலப்புறம் 35 டிகிரியில் இருட்டு என்றால் அது இடப்புறம் 145 ஆகவும் இருக்கலாம்; தாளுக்கு இரண்டும் ஒன்றுதான். பாதிப் பாகைக் கொட்டிவிட்டு 5 செ.மீ.யில் மறுபடி பாருங்கள். இருட்டு 17 அருகே நகர்ந்தால் முதலில் கண்டது வலப்புறம் 35தான். ஒளி மூலத்தைப் பார்த்தபடி நிற்கும்போது கடிகாரத் திசையில் திருப்பும் பொருள் வலஞ்சுழி, எதிர்த்திசையில் திருப்புவது இடஞ்சுழி. சர்க்கரை வலஞ்சுழி.

எலுமிச்சை போட்டால்

குலாப் ஜாமூன் பாகு பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு விடுவார்களே, அதற்குள் என்ன நடக்கிறது என்பதை இதே அடுக்கில் பார்க்கலாம். முதலில் செய்த அளவிலேயே பாகு எடுத்து, ஒரு எலுமிச்சையின் சாற்றை வடிகட்டி விட்டு, அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிடுங்கள். ஆறியதும், ஆவியாகிப்போன தண்ணீரைச் சேர்த்து மீண்டும் 300 மி.லி. ஆக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி அளந்து பாருங்கள். 35 டிகிரி நிற்காது. வெகுவாகக் குறைந்திருக்கும், நன்றாகக் கொதித்திருந்தால் பூஜ்யத்தைத் தாண்டி இடப்பக்கமே போயிருக்கும்.

அமிலமும் சூடும் சேர்ந்து சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கின்றன. கரைசலில் நிலைத்த குளுக்கோஸ் வலப்புறம் 52.7 டிகிரி திருப்பும். ஃபிரக்டோஸ் இடப்புறம் 92 அளவில். இடப்பக்கம்தான் ஜெயிக்கிறது. முழுவதும் உடைந்தால் 66.5 என்பது ஏறக்குறைய கழித்தல் 20 ஆகிவிடும். வலம் இடமாகத் தலைகீழாவதால் இதற்கு எதிர்மாற்றுச் சர்க்கரை என்றே பெயர் வந்தது. தேனும் பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்ததுதான்.

குளுக்கோஸ் பவுடர் கையில் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். குளிர்ந்த நீரில் வேகமாகக் கரைத்து உடனே அளங்கள், பிறகு அரை மணிக்கு ஒருமுறை. கோணம் தானாகக் குறைந்துகொண்டே வரும். புதிதாகக் கரைந்தபோது 112 அருகே இருக்கும் நியமச் சுழற்சி சில மணி நேரத்தில் 52.7-இல் வந்து நிற்கும். மூலக்கூறின் வளையம் திறந்து மூடி இன்னொரு வடிவத்துக்குப் போவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதை முதலில் கண்டவர்கள்

1811-இல் பாரிஸில் அராகோ என்ற அறிஞர், குவார்ட்ஸ் படிகத் தகடு ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்புவதைக் கண்டார். அது சர்க்கரையைவிடப் பல மடங்கு வலிமையானது, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கே மஞ்சள் ஒளியை 21.7 டிகிரி திருப்பும். ஆனால் குவார்ட்ஸை உருக்கிக் கண்ணாடியாக்கினால் அந்தக் குணம் போய்விடும், அங்கே புரி அணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. 1815-இல் பியோ என்ற இன்னொரு பிரெஞ்சு அறிஞர், டர்பன்டைன் எண்ணெய் போன்ற திரவங்களும் திருப்புவதைக் காட்டினார். திரவத்தில் அடுக்கே கிடையாதே, அப்படியானால் மூலக்கூறுக்குள்ளேயே புரி இருக்க வேண்டும். 1848-இல் 25 வயது லூயி பாஸ்டர், ஒளியைத் திருப்பாத ஒரு டார்டாரிக் உப்பின் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்து, வலக்கை இடக்கைபோல் இரண்டு வகை இருப்பதைக் கண்டு, ஒவ்வொன்றாகக் கையால் பிரித்தார். தனித்தனியாகக் கரைத்தால் ஒன்று வலம் திருப்பியது, மற்றது இடம். வயதான பியோ நம்பவில்லை, தன் கண்முன்னே செய்துகாட்டச் சொன்னார், அதன்பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

கரும்பு கொண்டுபோகிறவர்களுக்கு

சர்க்கரை ஆலை ஆய்வகங்களில் "போல்" என்று ஒரு சொல் புழங்கும். போலாரிமீட்டர் காட்டும் அளவைச் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். கரும்புச் சாற்றைத் தெளியவைத்து, 20 செ.மீ. குழாயில் ஊற்றி, நாம் செய்த அதே காரியத்தைத்தான் செய்கிறார்கள். சர்வதேச அளவுகோலின்படி 100 மி.லி.யில் 26 கிராம் தூய சுக்ரோஸ் இருந்தால் அது 100. நம் வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள், 66.5 × 0.26 × 2, மஞ்சள் ஒளியில் 34.6 டிகிரி வரும். இந்தியாவில் கரும்புக்கு ஒன்றிய அரசு அறிவிக்கும் விலை, அண்மை ஆண்டுகளில் 10.25 சதவீதப் பிழிதிறனை, அதாவது கரும்பின் எடையில் அவ்வளவு சதவீதம் சர்க்கரையாகக் கிடைப்பதை, அடிப்படையாக வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது. அதற்கு மேல் போனால் விலையும் கூடும்.

ஆனால் போல் என்பது சுக்ரோஸை மட்டும் பார்ப்பதில்லை, குழாய்க்குள் ஒளியைத் திருப்பும் எல்லாவற்றின் கூட்டலும் கழித்தலும் அது. வெட்டிய கரும்பு வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால், எலுமிச்சை விட்ட பாகுக்கு நடந்தது கரும்புக்குள்ளேயே நடக்கத் தொடங்கிவிடும். சுக்ரோஸ் உடைந்து, வலப்பக்கக் கோணம் குறையும். எடைமேடையில் லாரி வரிசை நீளும்போது விவசாயி பதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை முடிந்ததும் தாள்களை ஈரத் துணியால் துடைத்துக் காகிதத்துக்கு இடையே வையுங்கள், கீறல் விழுந்தால் போயிற்று. பாகை வடிகட்டி எடுத்துவையுங்கள், அளவுக் குவளை சுத்தமாக இருந்திருந்தால் சர்பத்துக்கு ஆகும்.